ஃபேட்டி லிவரும் இன்சுலின் எதிர்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறவர்களின் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். முதல் ஐந்தையும் வரிசையாகப் படித்தால் மற்றவை எளிதாகப் புரியும். அவசரக்காரர்கள் நேரே சாப்பாட்டுக் கேள்விகளுக்குத் தாவலாம், ஆனால் 4-வது பதிலுக்குத் திரும்பி வரவேண்டியிருக்கும்.

1. ஸ்கேன்ல 'ஃபேட்டி லிவர் கிரேடு 1'னு போட்டிருக்காங்க. அப்படின்னா என்ன?

ஈரல் செல்கள் 100-இல் 5-க்கு மேற்பட்டவற்றில் கொழுப்புத் துளிகள் தேங்கியிருந்தால் அது கொழுப்பு ஈரல். தேங்கியிருப்பது கொலஸ்ட்ரால் அல்ல, ட்ரைகிளிசரைடு. தொப்பையில் இருக்கும் அதே சரக்குதான். கிரேடு 1, 2, 3 என்பது திரையில் ஈரல் எவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்று ஸ்கேன் பார்ப்பவர் கண்ணால் மதிப்பிட்டுச் சொல்வது. ஒரே ஆளை இரண்டு இடத்தில் பார்த்தால் இரண்டு கிரேடு வரலாம். கொழுப்பு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் சாதாரண ஸ்கேன் பல நேரம் அதைத் தவறவிட்டுவிடும்.

ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை கிரேடு சொல்லாது. அதற்கு வேறு கணக்கு உண்டு, 9-வது பதிலில் பாருங்கள்.

2. நான் எண்ணெய்ப் பண்டமே தொடறதில்லை. எனக்கு எங்கிருந்து கொழுப்பு வந்தது?

ஈரலுக்குக் கொழுப்பு வரும் வழி மூன்று. கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்குக் கொடுத்த உணவிலும் இரத்தத்திலும் அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் சேர்த்து, அவை ஈரலுக்குள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று 2005-இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். ஈரல் கொழுப்பில் ஏறக்குறைய 59 விழுக்காடு இரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்கள். அவற்றில் பெரும்பகுதி உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து கரைந்து வந்தது. 26 விழுக்காடு, ஈரலே மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொண்டு புதிதாகச் செய்துகொண்டது. சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து நேரடியாக வந்தது 15 விழுக்காடுதான்.

ஆகவே எண்ணெயை மட்டும் நிறுத்தினால் மிகச் சிறிய குழாயை அடைத்ததாகத்தான் ஆகும். பெரிய குழாய்கள் இரண்டையும் திறந்து வைத்திருப்பது இன்சுலின் எதிர்ப்பு.

3. இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்னு சொல்றாங்களே, எனக்குத்தான் சுகரே இல்லையே?

சுகர் இல்லாமல் இருப்பதும் இன்சுலின் எதிர்ப்பு இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. இன்சுலின் என்பது இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் சுரப்பது. ஒரு வேலைக்கு முன்பு 6 அலகு இன்சுலின் போதுமாக இருந்தது, இப்போது அதே வேலைக்கு 18 தேவைப்படுகிறது என்றால் அதுதான் எதிர்ப்பு. கணையம் ஈடுகொடுத்து 18 சுரக்கும்வரை இரத்தச் சர்க்கரை சரியாகவே காட்டும். கணையம் சோர்ந்துபோன பிறகுதான் சர்க்கரை எண் ஏறும். இந்த இடைக்காலம் பல ஆண்டுகள் நீளலாம், ஈரலில் கொழுப்பு ஏறுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

4. இன்சுலின் சரியா வேலை செய்யலைன்னா சுகர்தானே ஏறணும்? ஈரல்ல ஏன் கொழுப்பு சேருது?

இந்தத் தொகுப்பின் மையக் கேள்வி இதுதான். முதலில் கொழுப்புத் திசுவைப் பார்ப்போம். சாப்பிட்டதும் இன்சுலின் ஏறினால், கொழுப்புத் திசு தன் சேமிப்பை வெளியே விடுவதை நிறுத்த வேண்டும். எதிர்ப்பு வந்தபின் இந்தப் பூட்டு முழுதாக விழாது. சோறு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, பட்டினி நேரத்தில் கசிய வேண்டிய கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். எவ்வளவு வருகிறதோ அதற்கேற்ப ஈரல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். 59 விழுக்காட்டுக் கணக்கு இங்கேதான் உருவாகிறது.

அடுத்தது தசை. சாப்பாட்டுக்குப் பின் இன்சுலின் சொல்லி எடுத்துக்கொள்ளப்படும் சர்க்கரையின் முக்கியக் கிடங்கு தசைதான். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2007-இல் ஒல்லியான, சர்க்கரை நோயில்லாத இளைஞர்களை ஒப்பிட்டார்கள். இன்சுலின் எதிர்ப்பு இருந்தவர்களின் தசை, மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பின் சர்க்கரையைச் சேமித்தது ஏறக்குறைய 60 விழுக்காடு குறைவு. அதே நேரத்தில் அவர்கள் ஈரல் புதிதாகக் கொழுப்பு செய்தது இரு மடங்குக்கு மேல். தசை கதவைச் சாத்தியதும் சர்க்கரை ஈரல் பக்கம் திரும்பிக் கொழுப்பாக மாறிவிட்டது. அந்த இளைஞர்களுக்குத் தொப்பைகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வெளியேறும் வழி. வந்த கொழுப்பை ஈரல் எரிக்கலாம், அல்லது விஎல்டிஎல் என்ற பொட்டலமாகக் கட்டி இரத்தத்தில் ஏற்றி அனுப்பலாம். இன்சுலின் உயர்ந்தே இருப்பதால் எரிப்பது மந்தமாகிறது. பொட்டலம் கட்டுவது கூடினாலும் ஓர் எல்லைக்கு மேல் கூடாது. மிஞ்சியது செல்லுக்குள்ளேயே தங்குகிறது. ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு கூடி, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) குறைந்திருப்பதற்கும் இந்தப் பொட்டலங்கள்தான் காரணம்.

5. ஈரலும் இன்சுலின் பேச்சைக் கேட்கலைன்னா, கொழுப்பு செய்றதையும் நிறுத்தியிருக்கணுமே?

நல்ல கேள்வி, மருத்துவ மாணவர்களையே குழப்புவது. இன்சுலின் ஈரலுக்கு இரண்டு உத்தரவு போடுகிறது: சர்க்கரை உற்பத்தியை நிறுத்து, கொழுப்பு உற்பத்தியைத் தொடங்கு. எதிர்ப்பு நிலையில் முதல் உத்தரவு காதில் ஏறுவதில்லை, இரண்டாவது மட்டும் ஏறுகிறது. அதுவும் இன்சுலின் மூன்று மடங்கு இருக்கும்போது மூன்று மடங்கு சத்தமாக. போதாததற்கு, கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின் உடலின் மற்ற பாகங்களுக்குப் போகுமுன் போர்ட்டல் சிரை வழியாக முதலில் ஈரலுக்குத்தான் வருகிறது.

இதற்கு இயற்கையே ஒரு சான்று வைத்திருக்கிறது. செல்லில் இன்சுலின் வந்து ஒட்டும் ஏற்பியே பிறவியில் பழுதானவர்கள் மிக அரிதாக உண்டு. அவர்களுக்கு எதிர்ப்பு கடுமையாக இருக்கும், ஆனால் ஈரலில் கொழுப்பு ஏறுவதில்லை. இரண்டு உத்தரவுமே அவர்கள் ஈரலுக்குக் கேட்காது.

6. சுகரால ஃபேட்டி லிவர் வருமா, ஃபேட்டி லிவரால சுகர் வருமா?

இரண்டும் உண்டு, ஒன்றையொன்று தள்ளிவிடும் சுழல் இது. ஈரலில் கொழுப்பு சேரச் சேர, கொழுப்பு அமிலங்களின் இடைப்பொருள்கள் அங்கே இன்சுலின் சமிக்ஞையைத் தடுக்கின்றன. ஈரல் இரவெல்லாம் தேவையில்லாமல் சர்க்கரையை வெளியே விடுகிறது, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுகிறது, கணையம் மேலும் இன்சுலினைக் கொட்டுகிறது, ஈரல் மேலும் கொழுப்பு செய்கிறது.

சுழல் பின்னோக்கியும் ஓடும். இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் ராய் டெய்லர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில், டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி உணவு கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் ஈரல் கொழுப்பு 30 விழுக்காடு குறைந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. 8 வாரத்தில் ஈரல் கொழுப்பு 12.8-லிருந்து 2.9 விழுக்காடானது. மருத்துவக் கண்காணிப்பில் செய்தது அது. படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம், முக்கியமாக மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள்.

7. நான் ஒல்லிங்க, 62 கிலோதான். எனக்குப் போய் எப்படி?

எடையைவிடக் கொழுப்பு தங்கும் இடம்தான் முக்கியம். தொடை, பிட்டம், தோலடி ஆகியவை பத்திரமான கிடங்குகள். அவை நிரம்பியபின் மிஞ்சுவது குடலைச் சுற்றியும் ஈரலிலும் இறங்கும். இந்தக் கிடங்கின் கொள்ளளவு ஆளுக்கு ஆள் வேறு. தெற்காசியர்களுக்கு அது பொதுவாகச் சிறிது, தசையும் குறைவு. தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கும் லிப்போடிஸ்ட்ரோபி என்ற அரிய நோயில், பார்க்க எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கும் ஈரல் முழுக்கக் கொழுப்பு இருக்கும். கிடங்கு இல்லாததால் வந்த வினை.

அதனால்தான் நமக்கு உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) 25 அல்ல, 23-இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்பது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும்.

8. எனக்கு ரெசிஸ்டன்ஸ் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பல நேரம் டெஸ்டே வேண்டாம். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை (அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு), கழுத்தில் சிறு மருக்கள், மேலே சொன்ன இடுப்பளவு, ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், எச்டிஎல் ஆணுக்கு 40-க்கும் பெண்ணுக்கு 50-க்கும் கீழ், பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் எதிர்ப்பு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.

எண்ணாகத்தான் வேண்டும் என்றால் ஹோமா கணக்கு: 8 முதல் 12 மணி நேரப் பட்டினிக்குப் பின் எடுத்த இன்சுலினையும் சர்க்கரையையும் பெருக்கி 405-ஆல் வகுக்க வேண்டும். இன்சுலின் 18, சர்க்கரை 99 என்றால் 18 × 99 ÷ 405 = 4.4. பொதுவாக 2.5-க்கு மேல் போனால் எதிர்ப்பு என்பார்கள். சர்க்கரை 99 மட்டும் பார்த்தால் 'நார்மல்' என்று அனுப்பியிருப்பார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இன்சுலின் அளவீடு மாறும், ஆகவே மறுமுறையும் அதே இடத்தில் எடுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

9. எஸ்ஜிபிடி நார்மல்தான் வந்திருக்கு. அப்போ ஈரல் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. எஸ்ஜிபிடி, ஈரல் செல்கள் சேதமானால் இரத்தத்தில் கூடும் ஒரு நொதி. கொழுப்பும், ஏன் தழும்பும்கூட (ஃபைப்ரோசிஸ்) இருந்தும் அது இயல்பாகவே இருப்பவர்கள் நிறையப் பேர். கவலைப்பட வேண்டியது தழும்பைப் பற்றித்தான். அதற்குச் செலவில்லாத கணக்கு ஃபிப்-4. வயதை எஸ்ஜிஓடியால் (எஸ்ஜிபிடி போன்ற இன்னொரு நொதி) பெருக்கிக்கொள்ளுங்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை ஆயிரத்தில் எழுதி (2 லட்சம் என்றால் 200), எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதனால் முன்னதை வகுக்க வேண்டும். வயது 48, எஸ்ஜிஓடி 40, எஸ்ஜிபிடி 64, தட்டணு 2 லட்சம் என்றால் 1920 ÷ 1600 = 1.2.

1.3-க்குக் கீழ் என்றால் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதுக்கு மேல் இந்த எல்லையை 2.0 என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2.67-க்கு மேல் என்றால் ஈரல் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். இடையில் வந்தால் ஃபைப்ரோஸ்கேன், அதாவது ஈரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன். அதில் 8 கிலோபாஸ்கலுக்குக் கீழ் வந்தால் பெரும்பாலும் நிம்மதி. 35 வயதுக்குக் கீழே ஃபிப்-4-ஐ நம்ப முடியாது.

10. சோத்தை விட்டுடணுமா?

விடவேண்டாம், தட்டில் அதன் பங்கைக் குறைக்க வேண்டும். நம் சாப்பாட்டில் கலோரியில் 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது, புரதம் சொற்பம். சமைத்த சோறு ஒரு கப், அதாவது 150 கிராம், சுமார் 200 கலோரி. சாம்பாருக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று கப் போகிற இடத்தில் ஒன்றோடு நிறுத்தி, மீதி இடத்தைப் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன் இவற்றால் நிரப்புங்கள். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரையும் இன்சுலினும் மெதுவாக ஏறும்.

சோற்றை விட்டுவிட்டு இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிடுவது இடமாற்றம், குறைப்பு அல்ல. சிறுதானியமும் அப்படித்தான். தினைப் பொங்கலில் நெய்யும் அளவும் அப்படியே இருந்தால் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது.

11. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திட்டேன். கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் பரவாயில்லைதானே?

கருப்பட்டியிலும் நாட்டுச்சர்க்கரையிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். அதில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். தேனில் ஃபிரக்டோஸ் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு. குளுக்கோஸை உடம்பு முழுக்கப் பங்கிட்டுக்கொள்ளும். ஃபிரக்டோஸோ பெரும்பாலும் ஈரலில்தான் செரிக்கப்படுகிறது, போதும் என்று நிறுத்தும் கட்டுப்பாட்டுப் புள்ளியைத் தாண்டி நேரே கொழுப்பு உற்பத்திக்குள் நுழைந்துவிடுகிறது. 5-வது பதிலில் சொன்ன அந்தத் தொழிற்சாலைக்கு இது கச்சாப்பொருள்.

முழுப் பழத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரு ஆரஞ்சு மெதுவாக, நாரோடு போகிறது. மூன்று நான்கு பழத்தைப் பிழிந்து ஒரே மடக்கில் குடிப்பது வேறு கதை. வழக்கமான கோலா பானம் 300 மில்லியில் சுமார் 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. முதலில் நிறுத்த வேண்டியது குடிக்கும் சர்க்கரையைத்தான். பாலில்லாத, சர்க்கரை போடாத காபிக்குத் தடையில்லை. காபி குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது.

12. நெய், தேங்காய் எண்ணெய் நல்லதுன்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே?

ஃபின்லாந்தில் 2018-இல் வெளியான ஆய்வில், மூன்று குழுக்களுக்கு 3 வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். நிறைவுற்ற கொழுப்பாகக் கொடுத்த குழுவில் ஈரல் கொழுப்பு 55 விழுக்காடு ஏறியது, சர்க்கரையாகக் கொடுத்ததில் 33, நிறைவுறாக் கொழுப்பாகக் கொடுத்ததில் 15. வெண்ணெயோடு தேங்காய் எண்ணெயும் நிறைவுற்ற கொழுப்பின் பக்கம்தான் நிற்கிறது. தாளிக்க ஒரு தேக்கரண்டி நெய்யால் குடி மூழ்காது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் அளவாகப் போதும்.

13. எவ்வளவு எடை குறைஞ்சா ஈரல் சரியாகும்?

5 விழுக்காடு குறைந்தால் கொழுப்பு குறையத் தொடங்கும், 7-க்கு மேல் போனால் அழற்சி தணியும், 10-ஐத் தொட்டால் தழும்பும் பலருக்குப் பின்வாங்கும். 80 கிலோ ஆளுக்கு அது 4, 5.6, 8 கிலோ. வாரம் அரை முதல் ஒரு கிலோ வேகம் போதும். தானாகக் கடும் பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் பித்தப்பைக் கல் வரலாம், ஈரல் அழற்சி கூடலாம். தசையும் கரையும், 4-வது பதில்படி அது நஷ்டம். ஒல்லியானவர்களுக்கு 3 முதல் 5 விழுக்காடே நல்ல பலன் தரும்.

14. விரதம் இருந்தாலும் கொழுப்பு கரைஞ்சு ஈரலுக்குத்தானே வரும்? அப்போ விரதமும் தப்பா?

கொழுப்பு வருவது உண்மை. ஆனால் விரதத்தில் இன்சுலின் தாழ்ந்திருக்கிறது. ஈரலின் கொழுப்புத் தொழிற்சாலை மூடியிருக்கும், எரியும் அடுப்பு திறந்திருக்கும். வந்த கொழுப்பு கீட்டோனாக எரிந்து வெளியேறும். எதிர்ப்பு நிலையிலோ கசிவும் உண்டு, இன்சுலினும் உயரம். கொழுப்பு செய்யும்போது உருவாகும் மலோனைல் கோ-ஏ என்ற பொருள் எரிப்பறையின் வாசலை அடைத்துவிடுகிறது.

இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு முடித்துக் காலை 8 மணிவரை இடைவெளி விடுவது பெரும்பாலோருக்கு நல்லது. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரிடம் அளவை மாற்றிக்கொள்ளாமல் விரதம் இருந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும்.

15. மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட குறையலை. எதுக்கு நடக்கணும்?

தராசு காட்டாவிட்டாலும் ஈரல் கொழுப்பு குறையும். 4-வது பதிலில் வந்த தசைக் கதவை இன்சுலின் உதவியில்லாமலே திறப்பது உடற்பயிற்சி. அதே யேல் குழுவினர் 2011-இல், எதிர்ப்புள்ள இளைஞர்களை ஒரே ஒரு தடவை 45 நிமிடம் பயிற்சி செய்யவைத்துப் பிறகு உணவு கொடுத்தார்கள். ஈரலில் புதிதாகக் கொழுப்பு உருவாவது சுமார் 30 விழுக்காடு குறைந்தது.

வாரம் 150 நிமிடம் வேக நடை. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதல், சுவரில் கைவைத்துத் தள்ளுதல், எடை தூக்குதல் போன்ற தசைப் பயிற்சி. இவற்றோடு சாப்பாட்டுக்குப் பின் 10, 15 நிமிட நடை. பயிற்சியின் விளைவு ஓரிரு நாளில் மங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவர்களுக்கு மிச்ச நாளெல்லாம் கதவு மூடியே இருக்கும்.

16. எப்பவாவது குடிப்பேன். அது கணக்குல வருமா?

வரும். 42.8 விழுக்காட்டு மதுவில் 180 மில்லி குவாட்டர் என்றால் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 8 விழுக்காட்டு ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம். வாரத்துக்கு ஆண் 210, பெண் 140 கிராமைத் தாண்டினால் 'குடியால் வந்ததல்ல' என்று சொல்ல முடியாது. நோயைப் பிரிப்பதற்கான எல்லைக்கோடு அது, அனுமதிச் சீட்டு அல்ல. இன்சுலின் எதிர்ப்பும் மதுவும் ஒரே ஈரலில் சேர்ந்தால் தழும்பு விரைந்து வளரும். தழும்பு இருப்பது தெரிந்துவிட்டால் ஒரு சொட்டும் வேண்டாம்.

17. கீழாநெல்லி, லிவர் டானிக் சாப்பிட்டா கொழுப்பு கரையுமா?

கீழாநெல்லி காமாலைக்கு என்று நம் வழக்கில் உள்ளது. இன்சுலின் எதிர்ப்பால் வரும் கொழுப்பைக் கரைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டானிக் எதுவும் தசைக் கதவைத் திறப்பதில்லை. கவனம் தேவைப்படுவது வேறொன்றில்: கொரோனா காலத்தில் சீந்தில் கொடி கஷாயம் குடித்தவர்களுக்கு ஈரல் அழற்சி வந்ததை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். என்ன குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

18. மெட்ஃபார்மின் போட்டுக்கிட்டா போதாதா? இதுக்குன்னு மருந்து இல்லையா?

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு நல்ல மருந்து, ஆனால் ஈரலின் அழற்சியையோ தழும்பையோ அது குறைப்பதில்லை. பயோகிளிட்டசோன் அழற்சியைக் குறைக்கிறது. அது வேலை செய்யும் விதம் வேடிக்கையானது: தோலடிக் கிடங்கைப் பெரிதாக்கி, ஈரலிலிருக்கும் கொழுப்பை அங்கே இடம்மாற்றுகிறது. எடை இரண்டு மூன்று கிலோ கூடும், ஈரல் கொழுப்போ குறையும். 7-வது பதிலுக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, எலும்பையும் பலவீனப்படுத்தும்.

இந்தியாவில் சாரோகிளிட்டசார் 2020-இல் அழற்சியோடு கூடிய கொழுப்பு ஈரலுக்கு அனுமதி பெற்றது. அமெரிக்காவில் ரெஸ்மெடிரோம் 2024-இலும், செமாகுளுடைடு 2025-இலும், தழும்பு நடுத்தரம் முதல் முற்றிய நிலைவரை (சிரோசிஸ், அதாவது தழும்பால் ஈரல் சுருங்கிய நிலை, இல்லாதவர்களுக்கு) அனுமதிக்கப்பட்டன. வெறும் கிரேடு 1-க்கு இவை எதுவும் தேவையில்லை. கொலஸ்ட்ராலுக்கான ஸ்டேடின் மாத்திரையை 'ஈரலைக் கெடுக்கும்' என்று பயந்து நிறுத்தாதீர்கள். கொழுப்பு ஈரல் உள்ளவர்கள் அதிகம் இறப்பது ஈரல் நோயால் அல்ல, இதய நோயால்.

19. இன்சுலின் அதிகமானா கொழுப்பு சேரும்னா, நான் போடுற இன்சுலின் ஊசியும் கெடுதலா?

தோலில் போடும் ஊசி, கணையத்து இன்சுலின் போல முதலில் ஈரலில் போய்க் குவிவதில்லை. அது கொழுப்புத் திசுவின் கசிவையும் கட்டுப்படுத்துகிறது. எடை கூடலாம், அதற்கு உணவையும் அளவையும் மருத்துவரோடு பேசி மாற்றலாம். ஊசியைத் தானாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

20. ரெசிஸ்டன்ஸ் இல்லாமலே ஃபேட்டி லிவர் வருமா?

வரும். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு, துளியிலிருக்கும் கொழுப்பை உடைத்து வெளியேற்றும் வேலை தடைபடும். ஹோமா எண் சரியாக இருந்தும் ஈரலில் கொழுப்பு நிற்கும், தழும்பாகும் வாய்ப்பும் கூடுதல். ஸ்டீராய்டு, டாமோக்ஸிஃபென், அமியோடரோன், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளாலும் ஹெபடைட்டிஸ் சி கிருமியாலும் வரலாம். ஆகவே இடுப்பளவு, ட்ரைகிளிசரைடு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கேனில் கொழுப்பு தெரிந்தால், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் ஹெபடைட்டிஸ் பரிசோதனை முடிவையும் கையில் எடுத்துக்கொண்டு ஈரல் மருத்துவரிடம் போங்கள்.